ஒரு சைஸ் பெரிசு

அந்த வீட்டில் எந்தப் பொருளையும் சரியான அளவில் வாங்கிய சரித்திரம் கிடையாது.

செருப்பு என்றால் ஒரு நம்பர் கூடுதல். குக்கர் என்றால் எட்டுப் பேருக்கு. இப்போது வீட்டில் சாப்பிடுவது மூன்று பேர். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு யாராவது தெருவில் இறங்கினால் கோட்டு மட்டும் தனியாக நடந்து போகிற மாதிரி இருக்கும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் யூனிஃபார்மக்கா. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவள். 'வளருற பிள்ளை அக்கா, ரெண்டு இஞ்ச் விட்டே தைங்க' என்று கேட்டுக் கேட்டு, அந்த இரண்டு இஞ்ச் அவள் ரத்தத்தில் ஊறிவிட்டது.

அம்மாவிடமிருந்து அது பெரிய மகனுக்குத் தொற்றியது. அவன் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். தெருவே அவனை 'மோட்டார்' என்றுதான் கூப்பிடும். முக்கால் குதிரைச் சக்தி போதும் என்று வருகிறவரிடம் ஒன்றரையைச் சிபாரிசு செய்வான். "ஒரு சைஸ் பெரிசாப் போட்டா காலத்துக்கும் கவலையில்ல சார்" என்பான். பாதி நேரம் அவன் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வாசலில் நுழைந்தபோது, யூனிஃபார்மக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது.

சின்னவனின் மீன் தொட்டியில் வடிகட்டி நின்றுபோய் அன்றோடு நாலு நாள்.

சின்னவன் ஏன் வீட்டை விட்டுப் போனான் என்பதை யூனிஃபார்மக்கா தினமும் ஒரு தடவை நினைத்துப் பார்ப்பாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு. மோட்டார் கடைக்கு வேலைக்கு வர மாட்டேன் என்று தம்பி ஒரே பிடியாக நின்றான். "இந்த வீட்டுல உனக்குன்னு என்னடா இருக்கு?" என்று அண்ணன் கேட்டுவிட்டான்.

தம்பி அறையைச் சுற்றிப் பார்த்தான். கட்டில் அண்ணனுடையது. மேஜை அண்ணனுடையது. போட்டிருந்த சட்டைகூட அண்ணன் அளவுக்குத் தைத்ததுதான். கடைசியில் சன்னலோரத்து உப்புத்தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "இது இருக்கு" என்றான். இரண்டு வாரத்தில் கப்பல் ஒன்றின் என்ஜின் அறையில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

கப்பல் எங்கேயாவது துறைமுகத்தில் நிற்கும்போது கூப்பிடுவான். அண்ணனை விசாரிப்பதில்லை. தன்னைப் பற்றியும் சொல்வதில்லை. "மீன் எப்படிம்மா இருக்கு?" அவ்வளவுதான். இந்த மாதத்தோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்குத் திரும்புவதா, அப்படியே அடுத்த கப்பலில் ஏறிவிடுவதா என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சொல்வதாகச் சொல்லியிருந்தான். "அப்படியே மீனையும் காட்டுங்கம்மா" என்றும் கேட்டிருந்தான்.

அந்த ஒரு கேள்விதான் அவனுக்கும் வீட்டுக்கும் நடுவே மிச்சமிருந்தது. அந்த மீன்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் எதைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்வான்?

"எவ்வளவு தள்ளும்டா இது?"

"மணிக்கு ரெண்டாயிரம் லிட்டரும்மா. கடையிலயே இதுதான் பெரிசு."

"தாங்குமா?"

"தாங்குமாவா? பத்து வருஷத்துக்கு இந்தத் தொட்டிப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க வேணாம்."

சின்னப் பால் கேன் அளவுக்கு இருந்த வடிகட்டியைத் தொட்டிக்குக் கீழே வைத்து, இரண்டு குழாயை மேலே ஏற்றி, மோட்டார் வேர்க்க விறுவிறுக்க வேலை பார்த்தான். மன்னிப்பை வாயால் கேட்கிற ரகமில்லை அவன். ஸ்பேனரால் கேட்கிற ரகம். அம்மாவுக்கு அது தெரியும். அதனால்தான் அவளும் பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடித்தாள்.

சுவிட்சைப் போட்டான்.

தண்ணீர் குழாயிலிருந்து விழவில்லை, அறைந்தது. அடியில் கிடந்த மணல் மொத்தமும் எழும்பித் தொட்டியே சுண்ணாம்புக் கரைசலாகிவிட்டது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்களில் பெரியது எப்படியோ பாறைக்குப் பின்னால் புகுந்துகொண்டது. சின்னது, யூனிஃபார்மக்கா 'பொடியன்' என்று கூப்பிடுகிற விரல் நீளத்து மீன், எதிர்மூலைக் கண்ணாடியில் போய் அப்பிக்கொண்டு மல்லாந்து மல்லாந்து நிமிர்ந்தது.

"ஐயையோ! நிறுத்துடா!"

"புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். பழகிடும்."

"பிளக்கைப் பிடுங்குங்க முதல்ல!"

கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மருமகள், ஈரக் கையைத் துடைத்தபடியே ஓடி வந்து நின்றாள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அதனாலேயே மோட்டார் மறுபேச்சுப் பேசாமல் பிளக்கைப் பிடுங்கினான்.

மருமகள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறாள். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை மிஷினில் ஓட்டிச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் விடுகிற வேலை. வடிகட்டி நின்ற நாளிலிருந்து மீன்களைக் காப்பாற்றி வைத்திருந்ததும் அவள்தான். பேட்டரியில் ஓடும் குமிழ் மிஷின் ஒன்றைத் தொட்டிக்குள் விட்டு, தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு அளவாக உப்புக் கரைத்த புதுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இதுல எவ்வளவு தண்ணி இருக்கு?"

"நூறு லிட்டர் தொட்டி."

"தொட்டி நூறு லிட்டர். தண்ணி எவ்வளவு?"

மோட்டார் விழித்தான். யூனிஃபார்மக்காவும்தான் விழித்தாள்.

"வால்வைக் குறைச்சு வச்சாப் போச்சு" என்றான் அவன், விட்டுக்கொடுக்காமல்.

"எவ்வளவு குறைப்பீங்க?"

"முக்கால்வாசி மூடிட்டா சரியாயிடும்."

"முக்கால்வாசி மூடின மோட்டாரை ஒருத்தர் உங்க கடைக்குக் கொண்டு வந்தா அவரை என்ன சொல்வீங்க?"

மோட்டார் தலையைச் சொறிந்தான். "திட்டுவேன். சூடாகும்ல?"

"அந்தச் சூடு இந்தத் தண்ணிக்குள்ளதானே இறங்கும்?"

அவன் தொழிலை வைத்தே அவனை மடக்கிவிட்டாள். யூனிஃபார்மக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மகன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

இரண்டு மீன்களையும் தொட்டித் தண்ணீரோடேயே ஒரு டப்பில் மாற்றி, குமிழ் மிஷினை அதில் போட்டார்கள். மருமகள் ஐந்து லிட்டர் ஜாடி ஒன்றைக் கொண்டு வந்தாள்.

"அத்தை, நான் மொள்ள மொள்ள நீங்க கணக்கு வச்சுக்கறீங்களா? அவர் வச்சா ஒண்ணு கூடவே சொல்வார்."

யூனிஃபார்மக்கா துணி வெட்டும் மேஜையில் சாக்கட்டியால் கோடு போடத் தொடங்கினாள். மீன்களோடு டப்புக்குப் போன தண்ணீர் ஒரு ஜாடிக் கணக்கு, வாளிகளில் மற்றவை. மருமகள் ஒரு சொட்டுச் சிந்தாமல் மொண்டாள். ஒவ்வொரு ஜாடியும் கோட்டுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. வெளியே தெரிந்த பாறைகளின் மேல் ஈரத்துணியைப் போர்த்தினாள். "இதுல நல்ல கிருமி குடியிருக்கு அத்தை. காய்ஞ்சா செத்துப்போகும்."

பதினொரு கோடு. பன்னிரண்டாவது ஜாடியில் மூன்று லிட்டர்.

"ஐம்பத்தெட்டு" என்றாள் யூனிஃபார்மக்கா.

"ஐம்பத்தெட்டா? மீதி எங்க போச்சு?" மோட்டார் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான், யாரோ திருடிவிட்டது போல.

"மணல், பாறை, மேல ரொம்பாம விட்ட நாலு விரல். அப்புறம் கடைக்காரர் பேச்சுல கூட்டினது."

இத்தனை நாளும் மருமகளிடம் யூனிஃபார்மக்காவுக்கு ஒரு குறை இருந்தது. எல்லாவற்றையும் அளந்து செய்வாள். மூன்று பேருக்குச் சமைத்தால் மூன்று பேருக்குத்தான் இருக்கும்; பாத்திரத்தில் ஒரு பருக்கை மிஞ்சாது. கஞ்சத்தனம் என்றே மாமியார் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். இன்றைக்கு அந்தக் கையைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது வேறு விதமாகத் தோன்றியது. துணியில் ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிற கையை அவளுக்கு அடையாளம் தெரியும். இது அந்த ஜாதிக் கை.

"ஏம்மா, பெரிசாப் போட்டா நல்லாத்தானே சுத்தமாகும்?" என்று கேட்டாள். குதர்க்கமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள.

"எங்க பேஷண்ட்டோட சொந்தக்காரங்களும் அப்படித்தான் கேப்பாங்க அத்தை. ஆளோட எடையைப் பார்க்காம நாங்க ஃபில்டரைக் கையிலயே எடுக்க மாட்டோம். சின்ன உடம்புக்குப் பெரிய ஃபில்டரைப் போட்டா அவங்க ரத்தம் அதை நிரப்புறதுக்கே போயிடும். மயங்கி விழுந்துடுவாங்க. சின்ன உடம்பு ஒண்ணும் தப்பு இல்லியே. அதுக்கு ஏத்த மாதிரி நாமதான் பார்க்கணும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். யூனிஃபார்மக்கா ஏனோ தையல் மிஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மீன்களுக்குக் காவலாக மோட்டாரை டப்பின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மாமியாரும் மருமகளும் அந்தப் பெரிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

மீன் கடை பகலிலும் இருட்டாக, நீல வெளிச்சமாக இருந்தது. கடைக்காரர் வழுக்கைத் தலையும் ஈரச் சட்டையுமாக வந்து, பெட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கினார்.

"காலையிலதானே சார் வாங்கிட்டுப் போனார்? நானே சொன்னேன், இது பெரிசுன்னு. பெரிசுதான் வேணும்னார்."

"சொல்லியிருப்பார்" என்றாள் மருமகள். "மாத்திக் குடுங்க. ஐம்பத்தெட்டு லிட்டர் தண்ணி, ரெண்டே ரெண்டு மீன்."

கடைக்காரர் உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை நீட்டினார். "அப்ப இது போதும். அழகா இருக்கும்."

"ஓட்டிக் காட்டுங்க."

"பெட்டியிலயே போட்டிருக்கே மேடம், மணிக்கு முந்நூறுன்னு."

"அது வெறும் மோட்டாரை ஓட்டினா. உள்ள பஞ்சு வச்சு, எங்க தொட்டி உயரத்துக்குத் தண்ணிய ஏத்தினா எவ்வளவு வருதுன்னு பார்க்கணும்."

கடைக்காரர் இதுவரை யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்கிற மாதிரி நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு வாளியையும் ஒரு லிட்டர் குவளையையும் எடுத்து வந்தார். யூனிஃபார்மக்கா தன் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வாளியின் தண்ணீரிலிருந்து மேலே உயரத்தைப் பிடித்தாள். மருமகள் போனில் நொடி பார்த்தாள்.

குவளை நிரம்பப் பதினெட்டு நொடி.

"மணிக்கு இருநூறு" என்றாள் யூனிஃபார்மக்கா சட்டென்று. மீட்டர் கணக்குப் போட்டே வளர்ந்த தலை.

"பத்தாது. எல்லாத் தண்ணியும் மணிக்கு மூணு தடவைதான் சுத்தும். அழுக்கு அங்கங்க தங்கிடும்."

யூனிஃபார்மக்கா வியந்துபோனாள். சின்னதையும் வேண்டாம் என்கிறாளே! பெரியது தப்பென்றால் சின்னதுதான் சரி என்று அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவதாக வந்தது தொட்டியின் பின்பக்க விளிம்பில் தொங்கவிடுகிற வகை. பெட்டியில் ஐநூறு என்று போட்டிருந்தது. குவளை நிரம்பப் பத்து நொடி.

"முந்நூத்தி அறுபது."

"ஐம்பத்தெட்டை ஆறால பெருக்குங்க அத்தை."

"முந்நூத்தி நாப்பத்தெட்டு."

மருமகள் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு. "இதுதான்."

கடைக்காரர் விடவில்லை. "கடல் தொட்டிக்குப் பத்துத் தடவையாவது ஓடணும்னு சொல்வாங்களே மேடம். கூடவே அழுக்கை நுரையாத் தள்ளுற இந்த மிஷினும் ஒண்ணு..."

"பவளம் வளர்க்கிறவங்களுக்கு அதெல்லாம் வேணும். எங்க தொட்டியில பாதி வேலைய பாறையே பார்த்துக்குது. வாரத்துக்கு ஆறு லிட்டர் தண்ணி மாத்திடுவோம். நுரை மிஷின் வேணாம்."

"நீங்க டாக்டரா?"

"இல்லீங்க. மிஷின் பார்த்துக்கறவ."

"அவ பார்த்துக்கறது மிஷினை இல்ல, மனுஷங்களை" என்றாள் யூனிஃபார்மக்கா. தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவளே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆயிற்று. மருமகள் மாமியாரின் அளவு நாடாவைப் பதமாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. மோட்டார் டப்பின் பக்கத்தில் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, டீகூடக் குடிக்கவில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? பழைய வடிகட்டியின் பஞ்சை எடுத்து சோப்பும் கையுமாகக் அப்போதுதான் குழாயடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அதைத் தொடாதீங்க!" மருமகள் பாய்ந்து பிடுங்கினாள். "நாலு நாளா இதைத்தானே தொட்டிக்குள்ள போட்டுக் காப்பாத்தி வச்சிருக்கேன்? தண்ணியச் சுத்தம் பண்ற கிருமியே இதுலதான் இருக்கு."

"அழுக்கா இருந்துச்சு..."

"அழுக்கா இருக்கிறதுதான் அதோட தகுதி."

தொட்டித் தண்ணீரிலேயே அதை இரண்டு முறை அலசிப் புது வடிகட்டிக்குள் வைத்தாள். அடியில் ஒரு தட்டைப் போட்டு, மணல் கலங்காமல் தட்டின் மேல் தண்ணீரை ஊற்றினார்கள். இப்போது மோட்டார் ஜாடியை வாங்கிக்கொண்டு கோட்டுக்குச் சரியாக அளந்து ஊற்றினான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே.

யூனிஃபார்மக்கா தையல் மிஷினுக்குப் போனாள். சின்னவனுக்கென்று ஒரு வாரமாகத் தைத்துக்கொண்டிருந்த நீலச்சட்டை அதில் கிடந்தது. வந்தால் போட்டுக்கொள்வான் என்று தைத்தது. காலர் வைத்தாகிவிட்டது, கைகள் பூட்டியாகிவிட்டது.

எடுத்து விரித்துப் பார்த்தாள். பதினெட்டு இஞ்ச் தோள். பெரியவனின் அளவு. தம்பியும் வளர்ந்து அந்த அளவுக்கு வந்துவிடுவான் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து அண்ணன் அளவுக்கு நறுக்கி வைத்த அதே அட்டையை வைத்துத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் வரவில்லை. அவன் சின்ன உடம்பு. இருபத்தாறு வயதாகிறது, இனி எங்கே வளரப்போகிறான்? ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் நிற்க வைத்து அளந்தவள், பெற்ற பிள்ளையின் தோளில் நாடா வைத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

வெட்கமாக இருந்தது. பிளேடை எடுத்துத் தோள் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது.

"மீன் எப்படிம்மா இருக்கு?"

மருமகள் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். தண்ணீர் தெளிந்திருந்தது. பெரிய மீன் பாறையைச் சுற்றி ரோந்து போனது. பொடியன் வடிகட்டியிலிருந்து இறங்குகிற மெல்லிய ஓட்டத்தில் ஏறி நின்று, வாலை ஆட்டி ஆட்டி நீந்தினான். அடித்துப் போகவுமில்லை, அசையாமல் கிடக்கவுமில்லை.

சின்னவன் தொட்டியை உற்றுப் பார்த்தான். "ஃபில்டர் மாத்தியிருக்கீங்க."

"ஆமா தம்பி."

"அளவு சரியா இருக்கே. யார் அண்ணி பார்த்தது?"

"அத்தையும் நானும்."

"அண்ணன்?"

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை. மோட்டார் முன்னால் வந்து, போனைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துச் சொன்னான்: "நான் ரெண்டாயிரம் லிட்டர் வாங்கிட்டு வந்துட்டேன்டா."

அந்தப் பக்கம் அடக்க முடியாத சிரிப்பு. "பொடியன் பறந்திருப்பானே!"

"பறந்தான்." மோட்டார் தொட்டிக் கண்ணாடியை விரலால் துடைத்தான். "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா."

"சரி விடுண்ணே."

யூனிஃபார்மக்கா போனைக் கையில் வாங்கினாள். வருகிறாயா, போகிறாயா என்றுதான் கேட்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"உன் தோள் எத்தனை இஞ்ச்டா?"

"எதுக்கும்மா?"

"சட்டை தைக்கணும்."

"உங்ககிட்டதான் அட்டை இருக்குமே. ஒரு சைஸ் பெரிசு."

"அதைத் தூக்கிப் போட்டுட்டேன். உன் அளவு வேணும். உன்னோடது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். அவள் காத்திருந்தாள். பிரித்த நீலத்துணி மடியில் கிடந்தது.

"போன்ல எப்படிம்மா சொல்றது?" என்றான் கடைசியில். "பதினெட்டாம் தேதி இறங்கறேன். நேர்ல அளந்துக்கங்க."

மருமகள் மாமியாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான்.

"அம்மா, வச்சிடாதீங்க." சின்னவனின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "நாடாவைத் தயாரா வச்சுக்கங்க. அளவு ஒருத்தருக்கு இல்ல. ரெண்டு பேருக்கு எடுக்கணும். ஒண்ணு சட்டைக்கு, ஒண்ணு ரவிக்கைக்கு."